செண்பகவடிவின் நாற்பத்தேழு கிலோ

செண்பகவடிவு மூன்று வருஷத்துக்கு முன்னால் தொலைத்த நாற்பத்தேழு கிலோவில் முதல் கிலோ திரும்பி வந்தது ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, அவள் வாசல் தெளித்துக் கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது. பூனை அளவு இருந்தது, உருண்டையாக இருந்தது, பிசைந்த கோதுமை மாவின் நிறத்தில் இருந்தது, இரண்டு குட்டைக் கால்கள் இருந்தன, முகம் என்று ஒன்றும் இல்லை; வீட்டை ஒட்டிய சந்திலிருந்து வந்து, ஒரு புள்ளியைக்கூட மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி, படியேறி, கால்மிதியில் காலைத் துடைத்துவிட்டு உள்ளே போனது. பார்த்ததும் அவளுக்கு அது யார் என்று தெரிந்துவிட்டது, ஆனாலும் கோலத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள், பாதிக் கோலத்தில் எழுந்திருக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. மறுநாள் காலை வீட்டில் அந்தக் கிலோவைக் காணோம், ஜாக்கெட்டின் கடைசிக் கொக்கியை மட்டும் மாட்ட முடியவில்லை.

நான் அதே மேலத்தெருவில் மாவு மில் வைத்திருக்கிறவன். யார் வீட்டில் எவ்வளவு அரைபடுகிறது என்பதை வைத்தே யார் வீட்டுக்கு விருந்தாள் வந்திருக்கிறார்கள், யார் வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்லிவிடுவேன், அதனால் இந்தக் கதையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

எங்கள் நாலுவாசல்பட்டி ரேஷன் கடையில் எடை போடுகிறவள் செண்பகவடிவு. பருப்பானாலும் சர்க்கரையானாலும் காலி டப்பாவைத் தராசில் வைத்து, சிவப்பு எண்களைச் சைபருக்குக் கொண்டுவந்து, "சைபர் பாத்துக்கிடுங்க" என்று ஆள் ஆளுக்குச் சொல்லி, அவர்கள் பார்த்தோம் என்று தலையாட்டிய பிறகுதான் அள்ளிப் போடுவாள். அவள் கையில் ஒரு கிராம் குறைந்தது என்று எவரும் சொன்னதில்லை, ஒரு கிராம் கூடியது என்றும் எவரும் சொன்னதில்லை, இரண்டாவது விஷயத்தில் எங்களுக்கு அவள்மேல் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஊருக்கெல்லாம் எடை போட்டவள் தன்னுடைய எடையை மட்டும் பார்த்ததே கிடையாது. மதுரை ஆஸ்பத்திரியில் கட்டாயப்படுத்தி ஏற்றி நிறுத்தியபோதுதான் நூற்றி இருபத்தாறு என்று வந்தது.

அங்கே போனதும் அவளாகப் போகவில்லை, அவள் புருஷன் இசக்கிமுத்து கூட்டிக்கொண்டு போனான். இசக்கிமுத்து கடலை மிட்டாய்க் கம்பெனியில் பாகு மாஸ்டர், கொதிக்கிற வெல்லப்பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு அது விழுகிற தினுசிலேயே பதம் சொல்லிவிடுகிறவன், அதிகம் பேசாதவன். தூங்கும்போது அவளுக்கு மூச்சு நின்று நின்று வரும். அவன் பக்கத்தில் விழித்துக் கிடந்து எண்ணுவான், ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை எண்ணுவதற்குள் மூச்சு வந்துவிட்டால் சரி, பத்தைத் தாண்டினால் அவளை உலுக்கி எழுப்புவான். இப்படி நாலு வருஷம் அந்த மனிதன் தூங்கவே இல்லை. பகலில் பாகுச் சட்டிக்கு முன்னால் நின்றபடியே தூங்கி விழப்போன அன்றைக்குத்தான் அவன் டாக்டரைப் பார்க்க முடிவு செய்தான், அவர்கள் இரைப்பையைச் சுருக்குகிற ஆப்பரேஷன் செய்தால் எடை இறங்கும், மூச்சும் சீராகும் என்றார்கள்.

ஆப்பரேஷன் நடந்துகொண்டிருந்த நேரத்தில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவன் வாகையடி அம்மனுக்கு வேண்டிக்கொண்டான், இவள் பிழைத்து வந்து எவ்வளவு கிலோ இறங்குகிறாளோ அவ்வளவு கிலோ கடலை மிட்டாய் துலாபாரம் கொடுக்கிறேன் என்று. ஒன்றரை வருஷத்தில் அவள் எழுபத்தொன்பதுக்கு வந்தாள். நாற்பத்தேழு கிலோ போயிருந்தது, மூச்சு சீராக இருந்தது, இசக்கிமுத்து கன்னத்தில் சதை பிடித்துத் தூங்கினான், தெருவே அவளைப் பார்த்துக் கைதட்டியது.

துலாபாரத்தன்றுதான் எங்கள் ஊர்க்காரர்களால் மட்டுமே செய்ய முடிந்த அந்தத் தப்பு நடந்தது. இருக்கிற ஆளைத் தராசில் உட்கார வைக்கலாம், இறங்கிப்போன எடையை எப்படி உட்கார வைப்பது என்று பூசாரி சங்கிலிக்கு விளங்கவில்லை. நாற்பத்தேழு கிலோவைத் தனியாக நிறுத்துச் சாமி முன்னால் வைத்தால் முடிந்திருக்கும், ஆனால் அது யாருக்கும் தோன்றவில்லை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் நெல்லையப்பன் சார் யோசித்து ஒரு கணக்குச் சொன்னார்: ஒரு தட்டில் பழைய எடைக்கு நூற்றி இருபத்தாறு கிலோ மிட்டாயை வைப்பது, மறு தட்டில் செண்பகவடிவை உட்கார வைப்பது, பிறகு தட்டு இரண்டும் சமமாகிற வரை மிட்டாயை ஒவ்வொரு பொட்டலமாக எடுப்பது, எடுத்தது எவ்வளவோ அதுதான் இறங்கிய எடை. எல்லோரும் சார் சாரேதான் என்றார்கள். அவள் தட்டில் உட்கார்ந்ததும், பிடித்திருந்தவர்கள் கையை விட்டதும், அவள் தட்டோடு விர்ரென்று மேலே போய் மண்டபத்து விட்டத்தில் தலை இடிக்காமல் கோயில் மணியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள், மணி அடித்தது, கீழே குலவைச் சத்தம் எழுந்தது, அவள் அங்கேயிருந்து சிரித்த சிரிப்பு பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது.

ஒவ்வொரு கிலோப் பொட்டலமாக எடுக்க எடுக்க அவள் மெள்ள இறங்கி வந்தாள். தட்டில் மிச்சமிருந்த எழுபத்தொன்பதும் அம்மனுக்குப் போனது. எடுத்து வைத்த நாற்பத்தேழு பொட்டலங்களையும் என்ன செய்வது என்று கேட்டபோது, மேலத்தெருவில் நாற்பத்தாறு வீடு, இவர்கள் வீட்டோடு நாற்பத்தேழு, வீட்டுக்கு ஒன்றாகச் சரியாக இருக்கிறதே என்று சங்கிலி சந்தோஷமாகக் கையில் கையில் கொடுத்துவிட்டான். அதாவது, சாமிக்குப் போக வேண்டிய எடையைச் சாமி வாங்கவே இல்லை, தெரு வாங்கித் தின்றுவிட்டது. நாங்களும் நல்ல பதம், இசக்கிமுத்து கையே கை என்று சப்புக்கொட்டித் தின்றோம்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது இரண்டாவது தப்பு. ஒல்லியாகிவிட்ட செண்பகவடிவைப் பார்த்தால் எங்களுக்குத் தாங்கவில்லை, நோயில் கிடந்து எழுந்தவள் மாதிரி இருக்கிறாளே என்று இருந்தது. அவளுக்கு ஒரு வேளைச் சோறு முழுசாக இறங்காது, வயிறு கையளவுதான், ஆனால் ஒரே ஒரு துண்டு இறங்கும். ஆகவே ரேஷன் வாங்க வந்த ஒவ்வொருவரும் ஒரே ஒரு துண்டு கொண்டுவந்தோம்: ஒரு முறுக்கு, ஒரு வாய் கேசரி, அரை டம்ளர் சீனி தூக்கலான டீ. வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொண்டோம். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை அந்தக் கையளவு வயிறு ஒரு நிமிஷமும் சும்மா இருந்ததில்லை, யாரும் அதைச் சாப்பாடு என்று நினைக்கவும் இல்லை.

இந்த நிலைமையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் கிலோ வந்தது, அது தன் வீட்டுடையது என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை; அடுத்த மாதம் இரண்டாவது வந்தது. இரண்டாவது எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை, ஏனென்றால் லேடீஸ் டெய்லர் ரஹ்மத் தன் மிஷினுக்கு அடியிலிருந்து அது கிளம்பிப் போவதைக் கண்ணால் பார்த்தாள், அதன் முதுகில் மஞ்சள் நூல் ஒன்று ஒட்டியிருந்தது. இத்தனை நாள் நம் வீட்டிலா இருந்தது என்று ஆச்சரியப்பட அவளுக்கு நேரமில்லை, தீபாவளி ஜாக்கெட் எண்பது கிடந்தது; போகிறதே போகிறது என்று வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, அப்படியே செண்பகவடிவின் அளவு நோட்டை எடுத்து இடுப்புக்கு அரை இஞ்ச் கூட்டி எழுதிக்கொண்டாள். மூன்றாவது கிலோ நெல்லையப்பன் சார் வீட்டிலிருந்து சரியாக எட்டே முக்காலுக்குக் கிளம்பி, ரோட்டின் இடது ஓரமாகவே நடந்து போய்ச் சேர்ந்தது. நாலாவது என்னுடையது. சல்லடைக்குப் பின்னாலிருந்து உடம்பெல்லாம் மாவோடு அது இறங்கிப் போனபோது, என் மனைவி பூரணம் ஓடிப்போய் ஈரத்துணியால் துடைத்து, இப்படியா ஒரு வீட்டுக்குப் போவார்கள் என்று திட்டி அனுப்பினாள்.

எந்த வீட்டுக் கிலோ சேர்ந்ததோ அந்த வீட்டுப் பழக்கமும் கொஞ்சம் செண்பகவடிவிடம் சேர்ந்தது. ரஹ்மத்தின் கிலோ போன மறுநாள் அவள் வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு சர்க்கரை நிறுத்தாள். சாருடைய கிலோ போனபின் கடை போர்டில் 'துவரம் பருபு' என்று 'ப்' விட்டுப் போயிருந்ததைச் சாக்பீஸால் திருத்தினாள். என்னுடையது போனபின் என் மனைவி மாதிரியே திட்டினாள். எங்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாகவும் உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. ஏதாவது சாக்கு வைத்து அவள் வீட்டுப் பக்கம் போய் எங்கள் கிலோ எப்படி இருக்கிறது என்று விசாரித்தோம், வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு துண்டு அல்வா கொண்டுபோனோம், அந்த அல்வாவின் வாசத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வீட்டுக் கிலோ எங்கள் பின்னாலேயே வந்தது.

பதின்மூன்று சேர்ந்த பிறகுதான் எங்கள் சிரிப்பு நின்றது. ஒரு மத்தியானம் இசக்கிமுத்து மில்லுக்கு வந்தான், அரைக்க எதுவும் கொண்டுவரவில்லை, மிஷினை நிறுத்துகிற வரை நின்றான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் டீ சொன்னேன், அவன் வேண்டாம் என்றான்.

"திரும்ப எண்ண ஆரம்பிச்சிட்டேன் அண்ணாச்சி," என்றான். "நேத்து ஏழு வரைக்கும் போச்சு."

அவ்வளவுதான் சொன்னான். ஒன்றரை வருஷமாக அவள் ரிவியூவுக்கு மதுரைக்குப் போகவே இல்லை என்பதும், டாக்டர் எழுதிக்கொடுத்த சத்து மாத்திரைகளை நிறுத்திவிட்டாள் என்பதும், ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிடுகிறாள் என்பதும் நான் கிண்டிக் கேட்டபிறகு வந்தவை. எனக்கு அன்றைக்கு மிஷினைத் திரும்பப் போட மனசு வரவில்லை.

பதினாலாவது கிலோ வந்தபோது செண்பகவடிவு கதவைச் சாத்திவிட்டாள். அது படியில் உட்கார்ந்தது. மறுநாள் பதினைந்தாவது அதன் பக்கத்தில் உட்கார்ந்தது, மூன்றாம் நாளுக்குள் ஐந்தாகிவிட்டன, ஐந்தும் ரேஷன் கடை க்யூவில் நிற்கிற மாதிரியே இடித்துக்கொள்ளாமல் வரிசையாக இருந்தன. புரட்டாசி வெயில் ஆகாதே என்று எதிர்வீட்டுக்காரர்கள் ஒரு சேலையை இழுத்துக் கட்டினார்கள், யாரோ ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தார்கள். உள்ளே அவள் வாழைத்தண்டுச் சாறும் வெந்நீரும் மட்டும் குடித்துக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல், கடைச் சாவியையும் இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று நாள் கிடந்தாள். ரேஷன் கடை பூட்டிக் கிடந்தது, பாமாயில் இல்லாமல் தெருவில் அப்பளம்கூடப் பொரிக்கவில்லை. இதுவரைக்கும் வந்தது பதினெட்டு, இன்னும் எங்கள் வீடுகளில் இருபத்தொன்பது இருக்கிறதே, எல்லாம் கிளம்பிவிட்டால் அவள் பழையபடி நூற்றி இருபத்தாறாகி, அந்த மூச்சு பத்தைத் தாண்டிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அப்போது எல்லோர் மனசிலும் இருந்தது.

சங்கிலியைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவன் துலாபாரத்தன்று நடந்ததை விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, அம்மன் வாங்காத எடைக்கு அம்மன் பொறுப்பில்லை, தின்றவர்கள்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு, தானும் மேலத்தெருக்காரன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டான். நெல்லையப்பன் சார் எழுந்து, கணக்குச் சொன்னது நான், முதல் தப்பு என்னுடையது என்றார். ரஹ்மத், தான் தினம் கொடுத்த டீக்கு எத்தனை ஸ்பூன் சீனி என்று சொல்லி அழுதாள். இப்படி ஒவ்வொருவராக முறுக்கையும் கேசரியையும் அல்வாவையும் ஒத்துக்கொண்டோம், எங்கள் தெரு அவ்வளவு உண்மை பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

பிறகு எல்லோருமாகப் போய் அவள் கதவுக்கு முன்னால் நின்றோம், கிலோக்கள் ஐந்தும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டன. நாங்கள் செய்ததைச் சொன்னோம், இனிமேல் செய்ய மாட்டோம் என்றும் சொன்னோம். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"நீங்க குடுத்தீக, வாங்கித் தின்னது நாந்தான? ஆஸ்பத்திரியில என்னைய நிறுத்தி வச்சி எல்லாரும் கைதட்டுனாக. இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்த டாக்டரம்மா முன்னால போயி நிக்க?"

 பூரணம்தான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவுப் பக்கம் போனாள்.

"மதினி, பருப்பு எவ்வளவு வருமோன்னு பயந்து எவளாவது தராசப் பாக்காமப் போயிருக்காளா? எங்க அம்புட்டுப் பேருக்கும் சைபர் காட்டுனீக. உங்களுக்கு ஒரு தடவ காட்டிக்கிடுங்க."

அப்புறம் இசக்கிமுத்து பேசினான். அவன் தெருவில் நின்று குரல் எழுப்பிப் பேசி நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"எனக்கு நூத்தி இருவத்தாறும் ஒண்ணுதான், எழுவத்தொம்பதும் ஒண்ணுதான். மூச்சு மட்டும் இருந்தாப் போதும். கதவத் தொற, செம்பகம்."

கதவு திறந்தது. அவள் யார் முகத்தையும் பார்க்காமல், படியில் இருந்த ஐந்தையும் தாண்டி, தெருவில் இறங்கி விறுவிறுவென்று நடந்தாள், நாங்கள் பின்னால் போனோம், கிலோக்களும் பின்னால் வந்தன. ரேஷன் கடையைத் திறந்தாள். மூட்டை நிறுக்கிற பெரிய தராசின் மேலிருந்த சாக்கை இழுத்துப் போட்டாள், துணியால் துடைத்தாள், பட்டனை அழுத்தினாள். சிவப்பு எண்கள் சைபருக்கு வந்து நின்றதும், முப்பது வருஷமாகப் பழகிய அதே குரலில், "சைபர் பாத்துக்கிடுங்க" என்றாள். பார்த்தோம் என்று அத்தனை பேரும் தலையாட்டினோம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள், குனிந்து தானே பார்த்தாள், தொண்ணூற்றி இரண்டு என்று தானே உரக்கச் சொன்னாள்.

யாரும் கைதட்டவில்லை, அந்த அளவுக்கு எங்களுக்கும் புத்தி வந்திருந்தது. அவள் கீழே இறங்கி, பில் நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு அந்த எண்ணை எழுதி வைத்துவிட்டு, பாமாயில் யாருக்கு வேண்டும் என்று கேட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் தெரு முழுக்க அப்பள வாசம் அடித்தது, அவளுக்கு ஒரு அப்பளமும் யாரும் கொண்டுபோகவில்லை.

மறுநாளே மதுரைக்குக் கிளம்பினார்கள், துணைக்கு நானும் பூரணமும் போனோம், வெளியே காத்திருந்த ஐந்தும் எங்களைக் கேட்காமல் பஸ்ஸில் ஏறிக்கொண்டன. கண்டக்டர் அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, மடியில் வைத்துக்கொண்டால் சும்மா, சீட்டில் உட்கார்ந்தால் லக்கேஜ் என்றார். ஆளுக்கொன்றாக மடியில் வைத்துக்கொண்டோம், இசக்கிமுத்து மட்டும் இரண்டு. சாத்தூர் தாண்டுவதற்குள் என் மடியில் இருந்தது தூங்கிவிட்டது, கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் ஹாலில் நுழைந்ததும் செண்பகவடிவு அப்படியே நின்றுவிட்டாள். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் பக்கத்தில் கிலோக்கள் உட்கார்ந்திருந்தன. பாங்க் மேனேஜர் மாதிரி இருந்த ஒருவர் காலடியில் நாலு, காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி தன் துப்பட்டாவால் மூடி வைத்திருந்த இரண்டு, ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி ஒன்றின்மேல் வைத்திருந்தார். யாரும் யாரையும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. அந்தக் காலேஜ் பெண் இவளைப் பார்த்து, உங்களுக்கு எத்தனை அக்கா என்று கேட்டாள், இவள் உள்ளே பதின்மூன்று, வெளியே ஐந்து என்றாள், அந்தப் பெண் துப்பட்டாவை எடுத்துவிட்டுத் தன்னுடையதைக் காட்டினாள். அரை மணி நேரத்தில் அந்த ஹாலே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது, செண்பகவடிவு அங்கேயும் ஆளை வரிசையில் நிற்க வைத்துவிட்டாள்.

டாக்டர் தேன்மொழிக்கு எங்கள் கிலோக்களைப் பார்த்து ஒரு ஆச்சரியமும் இல்லை, தினம் பார்க்கிறவர். செண்பகவடிவு தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ ஆரம்பித்தாள்.

"எடை திரும்பி வந்தது தப்பில்லம்மா," என்றார் டாக்டர். "முக்கால்வாசிப் பேருக்குக் கொஞ்சம் வரத்தான் செய்யும். நீங்க திரும்பி வராததுதான் தப்பு. இனிமே எத்தனை ஏறினாலும் என்கிட்ட வரணும், ஏறினா முக்கியமா வரணும்."

பிறகு சொன்னதெல்லாம் சாதாரணமானவை, மந்திரம் எதுவும் இல்லை: ரத்தம் பார்த்தார், மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார், தூக்கத்தில் மூச்சு எப்படி என்று பரிசோதிக்க ஏற்பாடு செய்தார், முட்டையோ பயறோ மீனோ முதலில், சோறு அப்புறம் என்றார், சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதீர்கள் என்றார், நாள் முழுக்கக் கொறிக்கிறதை விட்டு வேளைக்குச் சாப்பிடுங்கள், தினம் நடங்கள் என்றார். பட்டினி கிடந்த மூன்று நாளுக்கு மட்டும் நன்றாகத் திட்டினார். கிலோக்களைக் கதவடைத்து நிறுத்த முடியாது, நடக்க வைக்கலாம் என்பது அவர் அபிப்பிராயம்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது தெருமுனையில் ஐந்து வீட்டுக்காரர்கள் நின்றார்கள். வா நம்ம வீட்டுக்கு என்று அவரவர் கிலோவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அதற்குள் பேர் வேறு வைத்திருந்தார்கள். ஐந்தும் கொஞ்சம் யோசித்து நின்றன, செண்பகவடிவு போங்கள் என்று கையைக் காட்டியதும் போய்விட்டன. மிச்ச வீடுகளும் தங்களிடம் இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தன. பீரோவுக்குப் பின்னாலும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் இருந்தவற்றுக்கெல்லாம் சாக்கு விரித்து நல்ல இடம் கொடுத்து, அவை கிளம்பிப் போகத் தோன்றாதபடி பார்த்துக்கொண்டோம். ரேஷன் கடைக்கு யாராவது பொட்டலத்தோடு வந்தால் க்யூவில் பின்னால் நிற்கிறவர்களே திருப்பி அனுப்பினார்கள்.

அவள் தினம் காலையில் கண்மாய்க் கரையில் நடக்க ஆரம்பித்தாள். முதல் நாள் அவளும் இசக்கிமுத்துவும்தான், இரண்டாம் நாள் பூரணம், அப்புறம் ரஹ்மத், அப்புறம் நெல்லையப்பன் சார் கையில் விசிலோடு, கார்த்திகை பிறப்பதற்குள் தெருவில் பாதி அந்தக் கரையில்தான் இருந்தது. பிள்ளை பெற்ற வயிறும் சர்க்கரை வியாதியும் எங்களிடமும் இருந்தன, ஒருத்திக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் அவரவருக்காகத்தான் நடந்தோம். நாற்பதாவது நாள் மடைக்குப் பக்கத்தில் ஒரு கிலோ அவள் இடுப்பிலிருந்து இறங்கியது. மஞ்சள் நூல் இருந்ததால் ரஹ்மத் வீட்டுடையது என்று தெரிந்தது. கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது, வா என்றால் வரவில்லை, நாங்கள் விட்டுவிட்டு நடந்தோம். அடுத்தடுத்து மாசிக்குள் ஏழு இறங்கிவிட்டன, ஏழும் மடைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், நாரைகள் அவற்றுக்குப் பக்கத்தில் நிற்கப் பழகிக்கொண்டன. என்னுடையது இன்னும் இறங்கவில்லை, அவள் இன்னும் என் மனைவி மாதிரியேதான் திட்டுகிறாள்.

ஆறு கிலோ இறங்குவதாக இல்லை. பில் நோட்டில் எண்பத்தைந்து என்று மாதக்கணக்கில் ஒரே எண்தான் வந்துகொண்டிருந்தது. அவள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடை திறந்ததும் தராசில் ஏறி, முதலில் வந்து நிற்கிறவருக்குச் சைபர் காட்டி, எண்ணைச் சொல்லி எழுதிவிட்டு வேலையைப் பார்த்தாள். நடுவில் ஒரு மாதம் எண்பத்தாறு என்று வந்தது, அதையும் அதே குரலில் சொன்னாள், அந்த வாரமே மதுரைக்குப் போய்விட்டு வந்தாள், திரும்ப எண்பத்தைந்து ஆனது. டாக்டர் இதுவே போதும் என்றார், மூச்சுப் பரிசோதனை நன்றாக வந்திருக்கிறது என்றார்.

இனி சொல்வதைப் பூரணத்திடம் செண்பகவடிவே சொன்னாள், பூரணத்திடம் சொன்னது தெருவுக்குச் சொன்ன மாதிரிதான். அடுத்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் ஹாலில் உட்கார்ந்திருந்தபோது, அந்த ஆறில் ஒன்று இறங்கியது. அது கண்மாய்ப் பக்கம் போகவில்லை. வாசல் வழியாகப் போய், வீட்டை ஒட்டிய சந்தில் திரும்பி, பின்கதவு வழியாக அடுக்களைக்கு வந்து, பழைய மாவு டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அந்தச் சந்து வேறு எந்த வீட்டுக்கும் போகாது, அவர்கள் வீட்டுப் பின்கதவோடு முடிந்துவிடும். முதல் கிலோ எந்த வீட்டிலிருந்து வந்தது என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளாத காரணம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. துலாபாரத்து நாற்பத்தேழாவது பொட்டலத்தை அந்த டின்னுக்குள் புருஷனுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்து, தினம் ஒரு துண்டாக ஒரு வருஷம் தின்றது அவள்தான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. "அங்கன ஏன் ஒளிஞ்சிக்கிட்டு இருக்க? வா இப்பிடி," என்று மடியைத் தட்டிக் காட்டினாள். அது வந்து ஏறிக்கொண்டது.

அப்போதுதான் அவள் பக்கத்தில் பார்த்தாள். பாயில் படுத்திருந்த இசக்கிமுத்து, கல்யாணமான நாளிலிருந்து ஒருநாளும் அவளுக்கு முன்னால் கண்மூடாதவன், வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தான். அவள் எழுந்து ஜன்னல் கதவை வெளிச்சம் அவன் முகத்தில் விழாதபடி சாத்திவிட்டு வந்து, எண்பத்தைந்து கிலோவோடும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒன்று, இரண்டு என்று அவன் மூச்சை எண்ண ஆரம்பித்தாள், இருபதுக்கு மேல் எண்ணியது அவளுக்கு ஞாபகமில்லை.